சுடுகிற கண்ணுக்கு ஒரு கண்ணாடி: புதுச்சேரி அனுபவம்

பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு லீவில் வரும் நம் ஆட்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் முடிக்கப் பார்க்கும் காரியங்கள் இரண்டு: பல்லைக் காட்டுவது, கண்ணைக் காட்டுவது. அங்கே கண் டாக்டரிடம் நேரம் வாங்கவே பல ஊர்களில் மாதக்கணக்கில் ஆகிறது. இங்கே காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்குச் சீட்டோடு வீடு திரும்பலாம். இந்த முறை நானும் போனேன். என் தேவைதான் கொஞ்சம் வேறு மாதிரி. துப்பாக்கி சுடக் கண்ணாடி வேண்டும்.

பாரிஸ் புறநகரில் ஒரு கிளப்பில் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். பத்து மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு, எதிரே ஒரு அட்டை. பிஸ்டல் அங்கேயே கிளப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. அதை விமானத்தில் ஏற்றி இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எங்கள் வீட்டில் துப்பாக்கி ஒன்றும் புதிதல்ல. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். "சொல்தா பேரனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேட்டாள் அத்தை. கிட்டத்தட்ட அப்படித்தான்.

பிஸ்டலில் கண்ணுக்கு மூன்று இடத்தில் வேலை. குறி பார்க்கும் பாகத்துக்கு சைட் என்று பெயர். கைக்குப் பக்கத்தில் பின் சைட், அதில் ஒரு பள்ளம். குழல் முனையில் முன் சைட், ஒரு சின்னக் கறுப்புக் கட்டை. அப்புறம் பத்து மீட்டர் தள்ளி, அட்டையில் கறுப்பு வட்டம், விட்டம் 59.5 மில்லிமீட்டர், நடுவில் பத்து மார்க் வளையம் 11.5 மில்லிமீட்டர்தான். இளம் வயதில் கண் இந்த மூன்றுக்கும் இடையே ஓடி ஓடிப் பார்த்துக்கொள்ளும், ஓடுவதே நமக்குத் தெரியாது. நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுக ஆரம்பிக்கிறது, தசை இழுத்தாலும் வளைந்து கொடுப்பதில்லை. அதுதான் வெள்ளெழுத்து. ஐம்பதைத் தாண்டியபின் மூன்றில் ஒன்றுதான் தெளிவாகக் கிடைக்கும். எது என்று முடிவு செய்வதுதான் நம் கையில் இருக்கிறது.

புதிதாகச் சுடுபவர் யாரைக் கேட்டாலும் அட்டை தெளிவாக வேண்டும் என்பார். தேவை முன் சைட்தான். கணக்கு எளிது. இரண்டு சைட்டுக்கும் நடுவே முப்பத்து சொச்சம் சென்டிமீட்டர். பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால், பத்து மீட்டரில் குண்டு சுமார் மூன்று சென்டிமீட்டர் விலகிப்போகும். பத்திலிருந்து நேராக ஏழுக்கோ ஆறுக்கோ இறங்கிவிடும். சைட் இரண்டும் சரியாக நின்று, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் அதே ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதனால் வட்டம் மங்கலாகத் தெரிந்தாலும் பாதகமில்லை. முன் சைட்டின் விளிம்பு மங்கினால் ஆட்டம் முடிந்தது. எனக்கு மங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

வாசிக்கும் கண்ணாடியைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். அது நாற்பது சென்டிமீட்டருக்குச் செய்தது. முன் சைட் இருப்பது கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில். வாசிக்கும் பவரில் பிஸ்டலே புகைமூட்டத்தில் போய்விடும், அட்டை சுவரோடு சுவராகக் கரைந்துவிடும். ஒரு மீட்டருக்கு நேர்க் கணக்குப் போட்டால் தூரப் பார்வைப் பவருக்கு மேல் +1.00 வரும். அதுவும் முன் சைட்டுக்கு மட்டும்தான் நல்லது. வட்டம் ரொம்பக் கலங்கும். பத்து மீட்டருக்குத் தேவை 0.10, ஒரு மீட்டருக்கு 1.00, இரண்டுக்கும் நடுவே பிடித்தால் அரையை ஒட்டி வரும். பிஸ்டல்காரர்கள் பலர் +0.50, +0.75 என்று சொல்வது இதனால்தான். மீதியைக் கண்ணே சமாளிக்கிறது.

இவ்வளவையும் மருத்துவமனையில் புரியவைக்க முடியுமா என்ற சந்தேகத்தோடுதான் போனேன். புதுச்சேரியில் கண் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. ஜிப்மர் இருக்கிறது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் நடக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்து ஜனங்களுக்கும் அதுதான் கை கொடுக்கிறது. எனக்கு அறுவை சிகிச்சைத் தேவை இல்லாததால், அக்கா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு தனியார் கண் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் முறை என்று பெயர். கவுன்டரை எட்டிப் பார்த்துப் பேசுகிறவருக்கு முதல் டோக்கன். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் திருப்தி.

உள்ளே போனதும் சொட்டு மருந்துப் பாட்டிலோடு ஒரு தம்பி வந்தார். "முதல்ல பவர் பாத்துடுங்க தம்பி, அப்புறம் சொட்டு விடுங்க" என்று நிறுத்தினேன். கண் பாப்பா விரியும் மருந்தை விட்டால் சில மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை போய்விடும், பாப்பா விரிந்த கண்ணில் மங்கலும் கூடும். விழித்திரையைப் பார்க்க அந்த மருந்து வேண்டியதுதான், ஆனால் சுடும் கண்ணாடிக்கு அளவெடுப்பது அதற்கு முன்னால்.

பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் இருபத்தைந்து வயதுப் பெண்.

"படிக்கிறதுக்கா சார், கம்ப்யூட்டருக்கா?"

"ரெண்டும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பாக்கெட்டிலிருந்து சணல் கயிற்றை எடுத்தேன். கிளம்புவதற்கு முன் கிளப்பில் நண்பர் ஒருவரைப் பிடித்து, நான் சுடும் நிலையில் நிற்கும்போது கண்ணிலிருந்து பின் சைட்டுக்கு ஒரு முடிச்சு, முன் சைட்டுக்கு ஒரு முடிச்சு என்று போட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் விஷயம் புரிந்ததும் உற்சாகமாகிவிட்டாள். கயிற்றின் நுனியை என் கன்னத்து எலும்பில் வைத்துப் பிடித்தாள். சொட்டு மருந்துத் தம்பியைக் கூப்பிட்டு, இரண்டாவது முடிச்சில் ஒரு கறுப்புப் பேனாவை நட்டுக்குத்தலாக நிறுத்தச் சொன்னாள். தூரத்தில் எழுத்துப் பலகை, நடுவில் பேனா. அளவெடுக்கும் ட்ரையல் ஃபிரேமில் என் தூரப் பவரையும் சிலிண்டரையும் (ஒரு திசையில் மட்டும் இருக்கும் கோணலைத் திருத்தும் பவர்) போட்டுவிட்டு, மேலே ஒவ்வொரு சில்லாக மாற்றினாள். +0.50-இல் எழுத்துகள் நன்றாக நின்றன. பேனாவின் ஓரம் மட்டும் கொஞ்ச நேரத்தில் இரட்டையாகப் பிரிந்தது. +1.00-இல் பேனா பளிச்சென்று இருந்தது, பலகையில் பாதி வரிகளைக் காணோம். +0.75-இல் பேனாவின் இரண்டு ஓரமும் கோடு போட்டது போல நின்றன, கடைசி வரிகள் மட்டும் கரைந்தன. அதையே எழுதச் சொன்னேன்.

அவள் உடனே எழுதவில்லை. "சுகர் இருக்கா சார்?" என்றாள். இருக்கிறது. சர்க்கரை ஏறி இறங்கினால் கண் லென்ஸின் பவரும் கூடவே மாறும், ஊருக்கு வந்து விருந்து சாப்பிடும் வாரத்தில் எடுக்கும் அளவை நம்ப முடியாது என்று விளக்கினாள். "ரெண்டு மூணு நாள் வாயைக் கட்டிட்டு ஒரு சாயந்திரம் வாங்க, கண்ணு களைச்சிருக்கும்போது பாத்துக்கலாம்" என்றாள். போனேன். சிலிண்டர் கொஞ்சம் மாறியிருந்தது, +0.75 மாறவில்லை. இந்த ஒரு கேள்வியை பிரான்சில் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

டாக்டரம்மா விழித்திரை நன்றாக இருக்கிறது, கண்புரை இப்போதுதான் ஆரம்பம், அவசரமில்லை என்றார். அறுவை சிகிச்சை என்று வரும் நாளில் துப்பாக்கி விஷயத்தை முன்கூட்டியே சொல்லச் சொன்னார். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை எந்தத் தூரத்துக்கு வேண்டுமானாலும் திட்டமிடலாம். மல்டிஃபோகல் லென்ஸ் வெளிச்சத்தைப் பல தூரங்களுக்குப் பங்கு போடுவதால் கறுப்பு வெள்ளை வித்தியாசம் சற்றுக் குறையும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். கறுப்புக் கட்டையின் ஓரத்தையே நம்பிப் பிழைப்பவர் யோசித்து முடிவு செய்ய வேண்டும். மதுரையில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப் இந்த லென்ஸ்களை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் விலை சாதாரண ஜனங்களுக்கு எட்டியது. செலவைப் பற்றி அவ்வளவாகப் பயமில்லை, எனவே அது அப்புறம்.

அடுத்து கண்ணாடிக் கடை. நேரு வீதிப் பக்கம் குளுகுளு வசதியோடு இருந்த முதல் கடையில் சீட்டை நீட்டினால், பையன் பிராக்ரெஸிவை விட்டு இறங்கவே இல்லை. "எல்லா தூரமும் ஒரே லென்ஸ்ல தெரியும் சார்." தெரியும், ஆனால் நடுத்தூரப் பகுதி லென்ஸில் கீழே தள்ளி இருக்கிறது. அதன் வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும். பிஸ்டல் சுடும்போது தலையை அசைக்கக் கூடாது, அப்படியே தூக்கினாலும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தூக்க யாராலும் முடியாது. எனக்கு வேண்டியது சிங்கிள் விஷன், அதாவது ஒரே பவர் லென்ஸ், வலது கண்ணுக்கு மட்டும் ஒன்று. பையன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்ட துருக்கிக்காரர், யூசுஃப் டிகெச். "இவரு சாதா கண்ணாடி போட்டுத்தானே வெள்ளி வாங்குனாரு?" உண்மைதான். 51 வயதில், கலப்பு அணிப் பிரிவில். அவர் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பல வருஷம் பழகியவர். என் கண் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது கடை சின்னது. பெரியவர் ஒருவர், பின்னால் லென்ஸ் தீட்டும் மிஷின், முன்னால் மகன். நான் கொண்டுபோன சுடும் ஃபிரேமை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கம்பி, கம்பியில் 37 மில்லிமீட்டர் வட்ட லென்ஸ் மாட்ட ஒரு வளையம், எல்லாப் பக்கமும் திருகிக்கொள்ளலாம். "வாட்ச் ரிப்பேர்காரன் மாட்டிக்கிற மாதிரி இருக்கே" என்றார். பிஸ்டல் சுடும்போது முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், பார்வை சாதாரணக் கண்ணாடியின் நடுவில் போகாமல் ஓரத்தில் போகும். ஓரத்து வழியாகப் பார்த்தால் பவர் சரியாக இருந்தும் உருவம் கோணும். இந்த வளையத்தில் லென்ஸின் நடுவைப் பார்வைக்கு நேராக நிறுத்திவிடலாம். கடைக்குள்ளேயே கையை நீட்டி நின்று காட்டினேன். வாசல் பக்கம் நீட்டியிருந்தால் தெருவே நின்றிருக்கும்.

பாலிகார்பனேட் கேட்டேன், அடி தாங்கும் என்பதால். வரவழைத்துத் தருகிறேன் என்றார், சொன்ன நாளில் தந்தார். தந்ததில் ஒரு குறை. வட்ட லென்ஸ் வளையத்துக்குள் சுழலும். சிலிண்டர் இருக்கிறவருக்கு ஆக்சிஸ் (அந்தப் பவர் நிற்க வேண்டிய கோணம்) எந்தப் பக்கம் என்று அடையாளம் இல்லாவிட்டால் அந்த லென்ஸால் பயனில்லை. மகன் அதைப் பளபளவென்று துடைத்து, ஆக்சிஸைக் காட்டும் மூன்று புள்ளியையும் அழித்துக் கொடுத்திருந்தார். மறுபடி போனதும் பெரியவர் லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துப் புள்ளி போட்டு, ஓரத்தில் ஊசியால் லேசாக ஒரு கீறலும் போட்டுத் தந்தார். கூடுதல் காசு வாங்கவில்லை. மொத்தச் செலவு, பிரான்சில் ஒரு நல்ல சாப்பாட்டுக்கு ஆகும் காசு.

சோதித்துப் பார்க்க அண்ணன் மகன் பழகும் ஹாலுக்குப் போனோம். ஊருக்கு வெளியே, தகரக் கூரை, சில லேன்கள். அவன் ரைபிள்காரன், கடலூரில் பிறந்த ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் படம் அவன் போனில் இருக்கிறது. "சித்தப்பா, உங்க வயசுக்கு ரைபிளுக்கு மாறிடுங்க" என்றான். அதில் நியாயம் இருக்கிறது. ரைபிளில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாகப் பார்க்கிறோம். துளை சிறுத்தால் கிட்டேயும் தூரத்திலும் சேர்ந்து தெளிவு கூடும். அட்டையில் குண்டூசியால் குத்திய ஓட்டை வழியாகச் செய்தித்தாளைப் பார்த்தால் வெள்ளெழுத்துக்காரருக்கும் எழுத்து தெரியும், அதே வித்தைதான். பிஸ்டலில் அந்த வசதி இல்லை. கண்ணாடியில் மாட்டும் ஐரிஸ் என்ற சின்னக் கதவு அதற்காகத்தான் இருக்கிறது, வாங்கலாம். ஆனால் துளையைச் சிறுக்கினால் வெளிச்சமும் குறையும். வயதானால் பாப்பா தானே சிறுத்துப் போகிறது, இந்த மாதிரி மங்கலான ஹாலில் ஐரிஸை மூடினால் இருட்டுதான் மிச்சம். அங்கிருந்த பையனிடம் சொல்லி அட்டைக்கு மேல் விளக்கைக் கூட்டச் சொன்னதே எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

இடது கண்ணை மூடுவதில்லை. ஒன்றை இறுக்கி மூடினால் மற்றதும் சேர்ந்து சுருங்கிக் களைத்துவிடும். கறுப்புத் துணியால் மறைத்தால் அந்தக் கண் இருட்டுக்குள் போய், வலது கண் பாப்பாவும் கூடவே விரியும். வெள்ளையாக, வெளிச்சம் உள்ளே வரும்படி மறைப்பதுதான் சரி. ஸ்டேஷனரிக் கடை மங்கல் டேப் போதும். போட்டியில் மறைப்பு 30 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாது, அந்த அளவுக்கே வெட்டிக்கொண்டேன். அவனுடைய நண்பனின் பிஸ்டலை இரவல் வாங்கிச் சுட்டேன். முன் சைட் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு விட்டு நின்றது. வட்டம் ஒரு சாம்பல் பொட்டு. குண்டுகள் அதற்குள்ளேதான் போயின.

யாராவது இதே வேலையாக வந்தால்: சீட்டில் தூரப் பவர், சிலிண்டர், ஆக்சிஸ், கூட்டிய பவர் நான்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள், அடுத்த வருஷம் எது மாறியது என்று தெரியும். கூட ஒரு உபரி லென்ஸும் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் கடைகள் மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.