நெல்லைச் சீமையில் மின்சாரக் கார்: ரேஞ்சுக்கு முன்னால் எர்த்தைப் பாருங்கள்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்றுதான்; ரேஞ்ச் என்பது அதுதான். நெல்லைப் பக்கம் பல வருஷம் ஓட்டியவர்களின் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ராத்திரி வண்டி எங்கே நிற்கும், அந்த இடத்தில் லைன் எப்படி இருக்கிறது என்பது. டவுன் ரதவீதிகளை ஒட்டிய சந்தில் வாடகை வீடு, வண்டி தெருவில்தான் நிற்கும் என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். பொதுச் சார்ஜரை மட்டும் நம்பினால் செலவும் கூடும், நேரமும் போகும். காம்பவுண்டுக்குள் சொந்த இடம் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

வண்டியோடு வரும் 15 ஆம்பியர் சார்ஜரே பெரும்பாலானவர்களுக்குப் போதும். மணிக்கு 3 யூனிட் அளவில் இழுக்கும். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் காலை ஆறு மணிக்குள் 130 கிலோமீட்டர் ஓட்டம் ஏறிவிடும். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவருக்கும் அது தாராளம். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. அது கீசருக்காகப் போட்டது. கீசர் கால் மணி நேரம் ஓடும், கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் ஸ்க்ரூ தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிப்பது), இண்டஸ்ட்ரியல் சாக்கெட். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் 32 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 6 ஸ்கொயர் வயர், தூரம் கூடினால் 10, மின்வாரியத்தில் லோடு (வீட்டுக்கு அனுமதித்த மின்அளவு) கூட்டி வாங்குவது எல்லாம் தேவைப்படும்.

இந்தச் சீமையில் அதிகம் தொல்லை கொடுப்பது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்புதான். செம்மண், சரளை, பாறை நிலம். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்ததும் எர்த்தின் தடை ஏறும். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். வண்டி கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுவார்கள். அங்கே கொண்டு போனால் ஒழுங்காகச் சார்ஜ் ஏறும். எலக்ட்ரீஷியனை அழைத்து, லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட் என்றால் சரி. ஐந்தைத் தாண்டினால் புது எர்த் குழி வேண்டும்: எட்டடி ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் உப்பும், கோடை முழுக்க வாரம் ஒரு முறை ஒரு குடம் தண்ணீர். இந்த வேலையை முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. கோடை இரவுகளில் ஊரே ஏ.சி. போடும் நேரம் வோல்டேஜ் இறங்கினாலும் சார்ஜ் நிற்கும். பதினொரு மணிக்கு மேல் ஏறும்படி டைமர் வைத்துவிட்டால் தீர்ந்தது.

செலவுக் கணக்கில் பலரும் ஒரு யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று போடுவார்கள். அது தப்பு. கார் இழுக்கும் யூனிட் எல்லாம் உங்கள் இரண்டு மாத பில்லில் விலை அதிகமான உச்சிக் கட்டணப் படியில்தான் ஏறும். வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஆகிறது, மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். சார்ஜர் இழப்பையும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் கூடும். 2024 ஜூலை கட்டணப்படி 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65 ரூபாய். 500-ஐத் தாண்டியதால் கீழ்ப்படி சலுகையும் போகும். மொத்தத்தில் 3,500 ரூபாய் கூடுதல், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1.45. லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் மைலேஜ் என்றால் பெட்ரோல் காருக்கு 6.65. ஆக 5.20 மிச்சம். விலை வித்தியாசம் 4 லட்சம் என்றால் 77,000 கிலோமீட்டரில் கை சேரும். மாதம் 1,200 ஓட்டுபவருக்கு ஐந்தேகால் வருஷம். மாதம் 500 ஓட்டுபவருக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அவர் பெட்ரோல் காரே வாங்கலாம், அதிலும் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகு. மாடியில் 3 கிலோவாட் சோலார் இருந்தால் கணக்கு நன்றாகவே மாறும்: நாளுக்குச் சராசரி 12 யூனிட் வரும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய்.

இனி ரேஞ்ச். 45 யூனிட் பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் காருக்குச் சோதனைச் சான்றிதழ் ரேஞ்ச் 489 கிலோமீட்டர். நடைமுறையில் 350-க்குச் சற்று மேல்தான் என்று டாடாவே சொல்கிறது. நான்கு வழிச்சாலையில் ஏ.சி.யோடு 90-ல் போனால் யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் கிடைக்கும். 15 சதவீதம் கையிருப்பு வைத்து 250 என்று திட்டமிடுங்கள். நாகர்கோவில், திருச்செந்தூர், தென்காசி எல்லாம் போய்த் திரும்பலாம். மதுரைக்குப் போய் வர வழியில் ஒரு சார்ஜ் வேண்டும்.

ஆனி, ஆடியில் இந்தக் கணக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயில் உடையும். பணகுடி தாண்டி, காவல்கிணறு விலக்கிலிருந்து முப்பந்தல் வரை காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று வண்டியின் முகத்தில் அடிக்கும். வண்டி 90-ல் போக, எதிர்க்காற்று 30-ல் வீசினால், வண்டி 120-ல் போவதற்குச் சமம். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுவதால் 1.78 மடங்கு ஆகிறது. வேகத்தை 70-க்கு இறக்கினால் அதே காற்றில் 1.23 மடங்குதான். நாகர்கோவில் போகும்போது பேட்டரி வேகமாக இறங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திரும்பும்போது காற்று பின்னால் தள்ளும். மலைக்குப் போனால், 1,000 மீட்டர் ஏற்றத்துக்குச் சமதளச் செலவு போக ஐந்து யூனிட் தனியாக வேண்டும். இறக்கத்தில் பாதிக்கு மேல் திரும்ப வரும். மேலே முழுச் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி திரும்ப வரும் மின்சாரத்தை வாங்காது, பிரேக்தான் சூடேறும்.

வழியில் போடும் ஃபாஸ்ட் சார்ஜரில் இரண்டு துப்பாக்கி (வண்டியில் செருகும் முனை) இருந்தால், பக்கத்தில் வேறு வண்டி செருகியதும் 60 கிலோவாட் 30 ஆகலாம். கட்டணமும் வரியோடு யூனிட் 20 ரூபாயைத் தாண்டும்.

சர்வீஸ் செலவு குறைவு. பழுதில் முதலில் வருவது பெரிய பேட்டரி அல்ல, சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் ரிமோட்டில் கதவு திறக்காது. மூன்று வருஷத்தில் மாற்றிவிடுங்கள். வண்டி எடை கூடுதல் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிரேக் டிஸ்க் அதிகம் வேலை செய்யாது. உவரி, திருச்செந்தூர்க் கடற்காற்றில் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறை ஆளில்லாத ரோட்டில் கியரை நியூட்ரலில் போட்டு, மோட்டாரின் பிடிப்பு இல்லாமல் அழுத்திப் பிரேக் பிடியுங்கள். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலையே வந்துவிட்டது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனாலும் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நெல்லை ஒர்க்‌ஷாப்பில் ஹை வோல்டேஜ் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, உதிரிபாகம் வர எத்தனை நாள் என்று நேரில் கேட்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. பேட்டரிக்கு ஐ.பி. 67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம், இரண்டு நாள் அல்ல. வண்டி மூழ்கியிருந்தால் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. கயிறு கட்டி இழுத்தால் சக்கரம் சுழன்று மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். அதனால் நான்கு சக்கரமும் தரையில் படாமல் ஏற்றும் லாரியையே வரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸில் பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தால் பணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; அந்தக் கூடுதல் பாதுகாப்பு (ஆட்-ஆன்) சாதாரண பாலிசியில் தானாக வராது.