எஞ்சினை நிறுத்தாமலே கார் விற்றவர்

பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கும் யோசனையில் இருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்க முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள். மூன்று மாதத்துக்கு முன் கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு கார் சேலில் ஒன்றை வாங்கி, திருகோணமலைக்கு ஓட்டி வந்தேன். ஓட்டி வந்தேன் என்றால் ஹபரணை வரைக்கும்தான். மிச்சம் 80 கிலோமீற்றருக்கு மேல் அது லொறியில் ஏறி வந்தது.

எனக்கு இந்தக் காரில் பள்ளிக்கூட காலத்திலிருந்தே ஆசை. பின்கதவு இரண்டும் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். எஞ்சினுக்குள் பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு சுழலும். 1991இல் லு மான்ஸ் 24 மணி நேர ஓட்டத்தில் வென்ற மஸ்டாவும் ரோட்டரி எஞ்சின்தான். அதன் சத்தத்தை யூடியூபில் கேட்டே பல இரவுகள் போயிருக்கின்றன. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஜப்பான் கார் எல்லாம் எட்டாத விலைக்குப் போய்விட்டது. இது மட்டும் ஏன் கைக்கெட்டும் விலையில் கிடக்கிறது என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "அதிர்ஷ்டம் மச்சான்" என்று சிநேகிதனுக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டேன்.

பேப்பர் விஷயத்தில் நான் ஏமாறவில்லை. மூன்று நாள் அதற்கே செலவழித்தேன். சீ.ஆர். என்கிற பதிவுப் புத்தகம் அசல், லீசிங் இல்லை, பெயர் மாற்றாமல் கைமாறும் ஓபன் பேப்பர் இல்லை, புகைப் பரிசோதனையும் சரி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டும் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. காகிதம் இவ்வளவு சுத்தமென்றால் ஆளும் சுத்தமாகத்தான் இருப்பார் என்று மனது சொல்லிவிட்டது. அங்கேதான் பிழைத்தது.

நான் போனபோது கார் நிழலில் நின்றது. போனதும் பொனட்டில் கை வைத்துப் பார்த்தேன், குளிராக இருந்தது. பழைய கார் பார்க்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது: எஞ்சின் முதலே சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார். குளிராக இருந்ததால் எனக்குப் பெரிய நிம்மதி. விற்றவர் திறப்பைத் திருகினார், உடனே பிடித்துக்கொண்டது. "பாருங்க தம்பி, ஒரே அடியில ஸ்டார்ட்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த எஞ்சின் நிற்கவே இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பேரம் பேசி, தேநீர் குடித்து, மகனின் படிப்பைப் பற்றியெல்லாம் அவர் கதைத்து முடிக்கும்வரை அது வெளியே உறுமிக்கொண்டு நின்றது. ஒருமுறை நான் திறப்பில் கை வைத்தபோது, "நிப்பாட்டாதீங்க தம்பி, ஏசி குளிர் போயிரும்" என்றார். எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நினைத்தேன்.

இப்போது விளக்குகிறேன். ரோட்டரின் மூன்று முனையிலும் அபெக்ஸ் சீல் என்று ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. பிஸ்டன் வளையம் செய்கிற வேலையை இங்கே அதுதான் செய்கிறது. அது தேய்ந்தால் கொம்பிரஷன், அதாவது உள்ளே அமுக்கப்படும் காற்றின் அழுத்தம், குறையும். தேய்ந்த ரோட்டரி எஞ்சின் குளிராக இருக்கும்போது ஓரளவு ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். நன்றாகச் சூடான பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுத் திருப்பி ஸ்டார்ட் பண்ணினால்தான் வண்டவாளம் வெளியே வரும். ஆகவே சாதாரண காருக்கு நல்ல அறிகுறியான குளிர்ந்த பொனட், இந்தக் காரில் விற்பவருக்குத்தான் வசதி. அவர் மறைக்க வேண்டியிருந்தது ஒரே விஷயத்தைத்தான்: நிறுத்திவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவதை.

தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தினேன். திரும்பி வந்து திறப்பைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது, கனநேரம் கழித்துத்தான் பிடித்தது. பெற்றோல் குறைவாக்கும் என்று ஹபரணை ஷெட்டில் அடித்தேன். அதோடு சரி. ஷெட் பொடியன்கள் இரண்டு பேர் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். பொழுதுபட்டுக்கொண்டு வந்தது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு எஞ்சின் பிடித்தது உண்மை. ஆனால் முன்னால் கிடப்பது ஹபரணை – கந்தளாய் வீதி. இருட்டினால் யானை குறுக்கே நிற்கும் இடம். யானையைக் கண்டு நிறுத்தி, பிறகு ஸ்டார்ட் ஆகாமல் உள்ளே இருக்க எனக்குத் துணிவில்லை. கந்தளாயில் இருக்கும் சிநேகிதன் லொறியோடு வந்தான். ஏற்றும்போது வாய்விட்டுச் சிரித்தான். அதையும் எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது.

இனி அவர் சொன்ன 'ரீபில்ட்' கதை. எஞ்சினைப் பிரித்துப் புதிதாகக் கட்டி ஆறு மாதம்தான் என்று சொல்லி, ஒரு பில்லும் கொம்பிரஷன் பரிசோதனைத் தாள் ஒன்றும் காட்டினார். தாளில் இரண்டு எண்கள், பி.எஸ்.ஐ. கணக்கில்: 120, 118. ரோட்டர் இரண்டு, எண்ணும் இரண்டு, கணக்குச் சரிதானே என்று நினைத்தேன். திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் வேலை செய்யும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் தாளைக் காட்டியபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுக்கு ரெண்டு இல்ல, ஆறு நம்பர் வேணும்."

ஒரு ரோட்டருக்கு மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கமும் தனி அறை மாதிரி. சாதாரண பிஸ்டன் எஞ்சினுக்கான அழுத்தமானியைப் போட்டால், அதன் வால்வு மூன்றில் ஆகக் கூடியதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். இரண்டு பக்கம் செத்துக் கிடந்தாலும் மூன்றாவது நன்றாக இருந்தால் தாளில் நல்ல எண்தான் வரும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஆறையும் தனித்தனியாகக் காட்டும், ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தையும் சேர்த்து. ஆர்எக்ஸ்-8க்கு 250 ஆர்.பி.எம்.மில் ஆகக் குறைந்தது 680 கிலோபஸ்கல் இருக்க வேண்டும். ஒரே ரோட்டரின் பக்கங்களுக்கிடையில் வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது.

அந்தக் கருவி இல்லாவிட்டாலும் அவர் ஒரு வழி காட்டினார். சாதாரண மானியின் வால்வைக் கழற்றிவிட்டு, பிளக் துவாரத்தில் பொருத்தி, பெற்றோல் பாயாமல் செய்து சுற்றவிட்டார். நல்ல எஞ்சின் என்றால் முள் மூன்று தடவை ஒரே அளவாகத் துள்ள வேண்டும். என்னுடைய முன் ரோட்டர் இரண்டு தடவை துள்ளி, மூன்றாவதுக்குச் சும்மா அசைந்தது. நொண்டி நடக்கிற மாதிரி. பிறகு சரியான கருவி உள்ளவரைத் தேடிப் பிடித்து அளந்தோம். முன் ரோட்டர் 610, 600, 430. பின் ரோட்டர் 640, 630, 640. ஆறில் ஒன்றுகூடத் தேறவில்லை.

விற்றவருக்கு அழைத்தேன். "இங்கயிருந்து ஓட்டிக்கிட்டுத்தானே போனீங்க" என்றார். அடுத்த அழைப்பிலிருந்து என் இலக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. பற்றுச்சீட்டின் அடியில், உள்ள நிலையிலேயே பரிசோதித்துத் திருப்தியோடு வாங்கினேன் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். அந்த வரியைப் பார்க்கும்போது பெரிய நம்பிக்கை இல்லை.

காரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கவனமாகப் பார்த்தால் ஓடுகிற கார்தான். வாங்க முதல் நான் ஒரு கொப்பியில் பராமரிப்புக் கணக்கு எழுதியிருந்தேன்: ரயர், பிரேக் பட், நல்ல ஸ்பீக்கர். இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஸ்பீக்கர்!

உண்மையான கணக்கு வேறு. இந்த எஞ்சின் ஓயிலைக் குடிக்கும், அது பழுதில்லை. சீல் தேயாமல் இருக்க ஒரு பம்ப் ஓயிலை எரியறைக்குள் விடுகிறது. ஆகவே இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவையாவது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வேண்டும். 99 எண்ணெய்க் குதங்கள் உள்ள ஊரில் இருந்துகொண்டு ஓயில் இல்லாமல் எஞ்சினைக் கொன்றால் யாருக்கும் சொல்ல முடியாது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயில் நான்கு, பிளக் நான்கு. கொயில் பலவீனமானால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரில் போய் எரிந்து அதை அடைக்கும், அடைப்பின் சூடு திரும்ப எஞ்சினைத் தாக்கும். ஒரு கொயிலில் மிச்சம் பிடித்தவர் கடைசியில் எஞ்சின் விலை கொடுப்பார். வெப்பமானியையும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள், முள் எப்போதும் நடுவில்தான் நிற்கும், அது மேலே ஏறுகிற நேரம் பிந்திவிட்டது என்று அர்த்தம். நம்முடைய வைகாசி வெயிலில் கூலன்ட் மட்டத்தைக் கண்ணால் பார்ப்பதே நல்லது.

திருகோணமலைக்காரருக்கு இன்னொன்று. நம்முடைய ஊர் சின்னது. உவர்மலையிலிருந்து கடைத்தெருவுக்குப் போக ஐந்து நிமிடம். எஞ்சின் சூடாக முதல் இடம் வந்துவிடும். இந்தக் காருக்கு அது ஆகவே ஆகாது. கழுவுவதற்காக முற்றத்தில் நாலு அடி நகர்த்தி உடனே நிறுத்தினால், பெற்றோல் உள்ளே தேங்கி பிளக் நனைந்து பிறகு ஸ்டார்ட்டே ஆகாது. அப்படி நடந்தால் அக்ஸிலேற்றரை முழுதாக மிதித்துக்கொண்டு சுற்றவிடுங்கள், பெற்றோல் பாய்வது நிற்கும். கடற்காற்றுக்குப் பின் மட்காட்டின் உள்விளிம்பு துருப்பிடிக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். பொனட் அலுமினியம், அது பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கார் இப்போது தறப்பாளுக்கு அடியில் நிற்கிறது. எஞ்சினைத் திரும்பக் கட்டுவதற்குச் சொன்ன தொகை, வாங்கிய விலையில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட. பின்னேரங்களில் ஊர் மான்கள் இரண்டு வந்து அதன் நிழலில் படுக்கின்றன. இதுவரைக்கும் அந்தக் காரால் பிரயோசனம் கண்டவை அவைதான்.

இதை இன்றைக்கு எழுதுவதற்குக் காரணம், அதே ஆள் நேற்று இன்னொரு ஆர்எக்ஸ்-8க்கு விளம்பரம் போட்டிருக்கிறார். வெள்ளி நிறம், 'எஞ்சின் ரீபில்ட் செய்தது.' மூன்றாவது படத்தில் கொம்பிரஷன் தாள் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன், இரண்டு எண்கள். பார்க்கப் போகிறவர்கள் அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பொறுத்து, திறப்பை நீங்களே வாங்கித் திருகுங்கள். ஏசி குளிர் போனால் போகட்டும்.