தேரி மணலுக்கு வயது பார்க்க: கார்பனா, ஒளிர்வா?

ஆய்வுக்கென்று கையில் இருந்த பணம் நான்கு மாதிரிகளுக்குத்தான் காணும். நான்கையும் கார்பன்-14க்கு அனுப்புவதா, ஒளிர்வு முறைக்கு அனுப்புவதா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒளிர்வுக்கே போனேன். இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பக்கம்தான் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடம் திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரி. பனையும் கொல்லாமரம் என்கிற முந்திரியும் உடைமுள்ளும் நிற்கிற செம்மணல் மேடு. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அதாவது இன்றைக்குச் சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல் நீரில் பெரும் பங்கு வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனிப்பாளமாகக் கட்டிக்கிடந்தது. கடல் மட்டம் இப்போதையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை வெறும் தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். நம் தேரி குவிந்தது அந்தக் காலத்திலா, பனி உருகிக் கடல் ஏறத் தொடங்கிய பிறகா? இதுதான் கேள்வி. 1956இல் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதியபோது, பழைய கடல் மட்டங்களின் உயரத்தை வைத்துத்தான் காலத்தை ஊகித்தார்கள். மணலையே கேட்டுப் பார்க்க அன்றைக்கு வழி இல்லை.

கார்பன் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழடிச் செய்திகளுக்குப் பிறகு டீக்கடையிலும் அது தெரியும். உயிரோடு இருக்கிறவரை மரமும் மாடும் காற்றிலுள்ள கார்பன்-14ஐ உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும்; செத்ததும் வரவு நின்றுவிடும், இருப்பு கரையும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சிகாகோவில் வில்லார்ட் லிபி இதைக் கண்டுபிடித்து 1960இல் நோபல் பரிசு வாங்கினார். இப்போதெல்லாம் சில மில்லிகிராம் கரி இருந்தால் போதும். சில வாரத்தில் விடை வந்துவிடும், முன்னே பின்னே முப்பது நாற்பது ஆண்டுதான் என்று பிழையெல்லை போட்டு. அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

ஒளிர்வு முறையைச் சற்று விளக்க வேண்டும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் பரலை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள மண்ணில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். அவற்றின் கதிர்வீச்சு பரலுக்குள் எலெக்ட்ரான்களைத் தள்ளிவிட, அவை படிகத்தின் குறைகளில் மாட்டிக்கொள்கின்றன. இருட்டில் கிடக்கிறவரை சேர்ந்துகொண்டே போகும். வெயில் பட்டால் சில நிமிடத்தில் எல்லாம் விடுபட்டுக் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆய்வகத்தில் அந்தப் பரல்மேல் நீல ஒளியைப் பாய்ச்சினால், மாட்டியிருந்தவை விடுபடும்போது பரல் மினுங்கும். எவ்வளவு மினுங்குகிறதோ அவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று பொருள். பரல் மொத்தமாக வாங்கிய கதிர்வீச்சை, ஆண்டுக்கு எவ்வளவு வாங்கும் என்பதால் வகுத்தால் வயது. 1985இல் கனடாவில் ஹன்ட்லியும் கூட இருந்தவர்களும் ஒளியை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பே அகமதாபாத்தில் அசோக் சிங்வி குழுவினர் ராஜஸ்தான் மணல்மேடுகளுக்கு, ஒளிக்குப் பதில் சூடேற்றிப் பரலை மினுங்க வைக்கும் சூட்டு ஒளிர்வு முறையில் வயது பார்த்துவிட்டார்கள் என்பதை நம் ஆட்கள் அதிகம் சொல்வதில்லை.

சரி, எதை எடுப்பது? வேகம், செலவு, பிழையெல்லை என்று மூன்றையும் வைத்துப் பார்த்தால் கார்பன் முன்னால் நிற்கும். ஆனால் நான் எதற்கு வயது கேட்கிறேன், கருவி எதற்கு வயது சொல்கிறது என்ற ஒரே இடத்தில் அது விழுந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் பழைய வீட்டை இடித்தால் உத்தரத்தையும் நிலையையும் தூக்கிப் போட மாட்டார்கள். புது வீட்டில் மாட்டுவார்கள். அந்த உத்தரத்தைக் கார்பனுக்கு அனுப்பினால் தேக்கு வளர்ந்து வெட்டுப்பட்ட காலம் வரும். வீடு எப்போது கட்டினார்கள் என்பது வராது. தேரிக்கும் இதே கதை. நான் கேட்பது மணல் வந்து குவிந்த நாளை. கார்பன் சொல்வது, மணலுக்குள் கிடக்கும் ஏதோ ஓர் உயிர் செத்த நாளை. அந்த இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்கிற பொறுப்பு என் தலையில் விழுகிறது.

தேரியில் அதை நிரூபிக்கவே முடியாது. முதலில், கரிமப் பொருள் அங்கே தங்காது. காற்றோட்டமான சிவப்பு மணல், எது விழுந்தாலும் மக்கிப் போகும். கிடைப்பது மூன்று. சுண்ணாம்பு முண்டுகள் கிடைக்கும். அவற்றில் பழைய சுண்ணாம்பின் செத்த கார்பன், அதாவது கார்பன்-14 எப்போதோ தீர்ந்துபோன கார்பன், கலந்திருக்கும், வயது கூடித் தெரியும். நத்தை ஓடு கிடைக்கும். நத்தை சுண்ணாம்பையும் அரித்துத் தின்று ஓடு கட்டுகிற பிராணி, அதிலும் அதே வம்பு. அப்புறம் கரித்துண்டு. அதைத்தான் நான் நம்பினேன்.

நான்கு மாதிரிகளுக்கு முன்பே, ஒரு நண்பர் தயவில் ஒரு கரித்துண்டை அளந்து பார்க்கும் வாய்ப்பு வந்தது. ஒன்றரை மீட்டர் ஆழத்தில், வெட்டிய சுவரில், அழகாகக் கறுப்பாக இருந்தது. இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடித்து அனுப்பினேன். விடை வந்தது: 1950க்குப் பிந்தையது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன் அதில் இருந்தது. எவரோ கொல்லாமரத்தைத் தீ வைத்து அழித்தபோது வேரும் உள்ளேயே கருகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆய்வகத்தின் மேல் குற்றமில்லை. அவர்கள் வேரின் வயதைச் சரியாகச் சொன்னார்கள். நான்தான் மணலின் வயதைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது இளமைப் பக்கத்து விபத்து, உடனே தெரிந்துவிட்டது. பயப்பட வேண்டியது தெரியாமல் போகிற விபத்துக்கு. கார்பன்-14 மிச்சமே இல்லாத மிகப் பழைய மாதிரியில் இன்றைய கார்பன் 1 சதவீதம் கலந்தால், அது சுமார் 37,000 ஆண்டு என்று காட்டும். பார்ப்பதற்கு எவ்வளவு நம்பும்படியான எண்! பனியுகத்தின் நடுவே வந்து உட்கார்ந்துவிடும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒளிர்வு முறையில் இந்தச் சுற்றுவழி இல்லை. வெயிலில் பறந்து வந்த பரல், அடுத்த பரல் மேலே விழுந்ததும் இருட்டுக்குள் போகிறது. கடிகாரம் அங்கே தொடங்குகிறது. நான் கேட்ட நிகழ்வும் கருவி அளக்கும் நிகழ்வும் ஒன்றே. மேலே சொன்ன ராஜஸ்தான் வேலை தொடர்ந்து கொடுத்த விடையும் இதனால்தான் சாத்தியமானது. பனியுக உச்சத்தில்தான் தார் பாலைவனத்து மேடுகள் அதிகம் வளர்ந்திருக்கும் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். வறட்சி அப்போதுதானே உச்சம். ஒளிர்வு வயதுகளோ, உச்சம் கழிந்து தென்மேற்குப் பருவக்காற்று மீண்டும் பலம் பெற்ற காலத்தில்தான் மணல் நன்றாகக் குவிந்தது என்றன. வறட்சி மட்டும் போதாது, அள்ளிப்போடக் காற்று வேண்டும். கரித்துண்டைத் தேடிக்கொண்டிருந்தால் இது தெரிய வந்திருக்காது.

மாதிரி எடுப்பது தனிக் கூத்து. பள்ளம் தோண்டி, சுவரின் முகத்தை ஒரு சாண் சீவிவிட்டு, தலையில் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்க வேண்டும். வெளியே இழுத்த உடனே இரண்டு வாயையும் மூடி, கறுப்பு டேப், அதன் மேல் அலுமினியத் தாள். பனையேறும் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, மண்ணைப் பொட்டலம் கட்டுதீக?”

“இந்த மண்ணு கடைசியா எப்போ வெயிலைப் பாத்ததுன்னு கண்டுபிடிக்கணும் அண்ணாச்சி.”

“நல்லாக் கண்டுபிடிச்சீக. ஆடி பொறந்தா மொத்தத் தேரியும் எந்திரிச்சுல்லா நடக்கும்.”

ஒளிர்வு முறையின் மிகப் பெரிய குறையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறை காற்று கிளப்பும்போதும் கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்கும். ஆக எனக்குக் கிடைப்பது கடைசியாக அசைந்த நாள்தான். தேரி முதன்முதலில் எழுந்த நாள் கிடைக்காமலே போகலாம். அதனால்தான் மேல்மட்டத்தை விட்டுவிட்டு, அடித்தளத்துக்கு அருகே இறுகிப்போன மணலில் குழாய் இறக்கினேன். கறையான் புற்றும் பனை வேரும் உள்ள இடத்தையும் தவிர்த்தேன், மேல் பரலை அவை கீழே இறக்கிவிடும்.

வேறு தொல்லைகளும் உண்டு. ஈரம் ஒன்று. பரல்களுக்கு நடுவே தண்ணீர் இருந்தால் அது கதிர்வீச்சை வாங்கிக்கொள்ளும். ஈரக் கணிப்பை 1 சதவீதம் கூட்டிப் போட்டால் வயதும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். இன்றைய ஈரத்தை அளந்துவிடலாம். பத்தாயிரம் ஆண்டுச் சராசரி ஈரம்? அங்கே தேரியின் வடிகால் கைகொடுத்தது, மழை பெய்தாலும் நிற்காமல் இறங்கிவிடுகிற மணல். அடுத்தது தோரியம். இந்தக் கரையோரக் கனிம மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருக்கும், அடுக்குக்கு அடுக்கு அளவு மாறும். ஒரு குழாயின் கதிர்வீச்சு அளவை இன்னொன்றுக்குப் போட்டால் விடை கந்தலாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டியிருந்தது. எட்டு மாதம் ஆனது. நான்கில் ஒரு குழாய் முழுதும் நிரம்பாமல் மணல் உள்ளே குலுங்கிவிட்டது; ஓரத்து வெயில் பட்ட பரல் நடுவே கலந்திருக்கும் என்று தள்ளிவிட்டார்கள். அது முழுக்க என் கைவேலைக் குறை. மிச்ச மூன்றும் பத்து சதவீதப் பிழையெல்லைக்குள், கீழே கிழமும் மேலே இளசுமாக ஒழுங்காக வந்தன. முன்பே வெளியான ஒளிர்வு வயதுகள், தேரியின் சிவப்பு மணல் பெரும்பாலும் பனியுகம் முடிந்த பின்பு குவிந்தது என்கின்றன. என்னுடையவை அதற்கு எதிராகப் போகவில்லை.

கார்பன் ஆட்கள் சண்டைக்கு வருமுன் ஊட்டிப் பக்கம் போய்விடலாம். நீலகிரிச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டு மக்கிய செடி அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. சாண்டிநல்லாவில் எடுத்த அந்தக் கரிமப் படிவத்தை வைத்துத்தான் சுகுமாரும் ரமேஷும் மற்றவர்களும் 1993இல் பனியுக உச்சத்தில் அங்கே வறட்சியைத் தாங்கும் புல்வகைகள் ஓங்கியிருந்ததையும், பிறகு ஈரம் திரும்பியதையும் காட்டினார்கள். அங்கே செத்த செடியே படிவம். நிகழ்வும் பொருளும் ஒன்றாக இருப்பதால் கார்பனை விட்டு வேறெதையும் நான் தொட மாட்டேன்.

ஆனால் அங்கேயும் கார்பன் வயதைத் திருத்தாமல் எடுத்துக்கொள்ள முடியாது. பழைய பாடநூல்களில் பனியுக உச்சம் 18,000 ஆண்டுக்கு முன் என்று இருக்கும், புதியவற்றில் 21,000. பனி அதே பனிதான். காற்றிலிருந்த கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இல்லை, அதனால் எண் மாறிவிட்டது. 1990இல் பார்படாஸ் பவளப்பாறைகளைக் கார்பனாலும், யுரேனியம் சிதைந்து தோரியமாவதை அளக்கும் யுரேனியம்-தோரியம் முறையாலும் பக்கத்தில் பக்கத்தில் அளந்தபோது, பனியுக உச்சத்தருகே கார்பன் 3,500 ஆண்டு இளமையாகக் காட்டியது அம்பலமானது. இன்று மர வளையம், பவளம், குகைப் படிவம் எல்லாம் சேர்த்து 55,000 ஆண்டுவரை திருத்தப் பட்டியல் இருக்கிறது.

அதற்கு அப்பால் கார்பனுக்கு வேலையே இல்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் 2018இல் இடைக் கற்காலக் கருவிகளுக்குச் சொன்ன வயது 3,85,000 ஆண்டு, பிழையெல்லை 64,000. ஃபெல்ட்ஸ்பார் என்ற வேறொரு கனிமப் பரலின் ஒளிர்வால் வந்தது. கார்பன் முறையின் மொத்த வீச்சைவிட இந்தப் பிழையெல்லை பெரிது, இருந்தும் விடை பயன்படுகிறது. குவார்ட்ஸ் மட்டும் என்றால் அவ்வளவு தூரம் வராது. சாதாரண மணலில் ஒன்றிரண்டு லட்சம் ஆண்டிலேயே எலெக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் இடமெல்லாம் நிரம்பிவிடும், மோனசைட் மிகுந்த மணலில் இன்னும் சீக்கிரம்.

யுரேனியம்-தோரியம், ஆர்கான், பெரிலியம்-10 என்ற மற்ற வயதுக் கணிப்பு முறைகளில் எனக்குக் கை பழக்கமில்லை, படித்ததை வைத்தே பேசுகிறேன். பவளமும் குகைச் சுண்ணாம்பும் இருந்தால் யுரேனியம்தான் ராஜா என்பதில் சந்தேகமில்லை. எரிமலைச் சாம்பல் கிடைத்தால் ஆர்கான்: சுமத்ராவின் டோபா வெடிப்புக்கு 74,000 ஆண்டு என்று அது சொல்ல, ஆந்திரத்து ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்கு மேலும் கீழும் எடுத்த மணலின் ஒளிர்வு வயதுகள் பிழையெல்லைக்குள் ஒத்துப்போயின. என் போன்றவர்களுக்கு அது பெரிய தைரியம். பனியாறு உருட்டி வந்த குவியலில் மட்டும் ஒளிர்வை நம்பிப் போகாதீர்கள். அந்தப் பரல் வெயிலையே சரியாகப் பார்த்திருக்காது, பழைய கணக்கு அழியாமல் உள்ளேயே இருக்கும். இமயத்தில் வேலை செய்கிறவர்கள் அங்கே பாறைமுகத்தில் விண்கதிர் உண்டாக்கும் பெரிலியத்தைத் தேடுவது அதனால்தான்.

அடுத்து எனக்குப் பணம் கிடைத்தால் தேரி ஓரத்துத் தருவைக்கு, அதாவது ஆழமில்லாத ஏரிக்கு, போவதாக இருக்கிறேன். தண்ணீர் வற்றியபோது தோண்டிப் பார்த்தால் கறுப்புச் சேறும் சிவப்பு மணலும் மாறி மாறி வருகின்றன. சேற்றில் கிடைக்கும் விதையைக் கார்பனுக்கும், அதற்கு மேலும் கீழும் உள்ள மணலை ஒளிர்வுக்கும் அனுப்பலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவேன் என்று இப்போதே சொல்ல முடியும்; ஆனால் விதை தருவையிலேயே விளைந்ததா, வெள்ளத்தில் வந்ததா என்று பார்த்துவிட்டுச் சொல்வதுதான் நியாயம். ஆடிக் காற்றுக்கு முன்பாகப் போக வேண்டும். குழாயை இந்த முறை நிரம்ப அடிக்க வேண்டும்.