வரப்பில் எதைப் போடலாம்: செண்டுமல்லியா, எள்ளா, தட்டைப்பயறா?

நன்மை செய்யும் பூச்சிகளை நெல் வயலுக்கு இழுக்க வரப்பில் பூச்செடி போடலாம் என்றதும் பலர் செண்டுமல்லி நாற்றைத் தேடிப் போகிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பறித்து விற்றால் காசு. நெல்லுக்கு அதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

காரணம், வரவேண்டிய விருந்தாளியின் அளவு. நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி அதன் இலையுறைக்குள் முட்டையிடும். அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கும் அனாக்ரஸ் குளவி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. செண்டுமல்லியின் அடுக்கிதழைத் தாண்டித் தேன் குடிப்பது அதற்குப் பெரும்பாடு. தக்காளிக்காரர்கள் கதை வேறு. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அதில் போய் முட்டையிடும். அது பொறிப்பயிர், பந்தி இல்லை.

எள் அப்படியில்லை. பூவிலும் தேன், பூக்காம்பின் அடியில் இருக்கும் மஞ்சள் சுரப்பியிலும் தேன். சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் எள் முதலான தேன்செடிகளை வரப்பில் வளர்த்து 4 ஆண்டுகள் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் பூச்சிமருந்து 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. ஆனால் எள்ளுக்குக் காலில் தண்ணீர் நின்றால் ஆகாது. குறுவைக்குச் சரி. ஐப்பசி மழையில் சம்பா வரப்பில் போட்டால் வேர் அழுகிப்போகும்.

சம்பாவுக்கு என் ஓட்டு தட்டைப்பயறுக்கு. கொழுந்தில் கரிய அசுவினி அப்பியிருப்பதைப் பார்த்ததும், "பூச்சி விழுந்திருச்சு, மருந்தடிங்கண்ணே" என்று பக்கத்து வயல்காரர் பதறுவார். அடிக்கக்கூடாது. அந்த அசுவினி நெல்லுக்கு வராது. கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் குட்டி முதலை போல ஒன்று நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும். அசுவினியையும் புகையான் குஞ்சையும் தின்னும் பொறிவண்டின் புழு அது. நெல்லில் புகையான் குஞ்சு தலைகாட்டும்போது பொறிவண்டு ஏற்கெனவே வரப்பில் குடும்பத்தோடு இருக்கும்.

நடவு முடிந்த கையோடு விதைத்துவிட வேண்டும், தாமதித்தால் பூ வருவதற்குள் புகையான் வந்துவிடும். அப்புறம் ஒரு தொல்லை. எள்ளை மோந்து பார்த்துவிட்டுப் போகிற ஆடு, தட்டைப்பயறை விடாது. முள்ளை வெட்டிப் போட்டு அடைப்பதற்கே ஒரு நாள் போய்விடும்.