சிலந்திப்பேனுக்குப் புகையான் மருந்தைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

மன்னார்குடிப் பக்கம் ஓர் உரக்கடை. வீட்டுக்குள் வைத்திருந்த அரிகா பாம் செடியின், சிலந்திப்பேன் பிடித்த ஓலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டினால், கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைக் காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி நீட்டினார். லேபிள் இல்லை, பில்லும் இல்லை. "வயலுக்கே இதைத்தாண்ணே அடிக்கிறாங்க, எல்லாத்துக்கும் கேக்கும்." அடித்த பிறகு ஓலை இன்னும் வெளுத்து, காம்பு இடுக்குகளில் வலையும் கட்டியது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "டோசைக் கூட்டி அடிங்க."

வயலுக்கு அடிப்பது உண்மைதான், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையானுக்கும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும். சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல, எட்டுக்கால் பிராணி. இந்த மருந்து அதைக் கொல்லாது. அதைத் தின்று வாழும் நல்ல பூச்சிகள்தான் சாகும், பேன் முன்பைவிடப் பெருகும். சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்திலும் இதே வம்பு உண்டு. டோசைக் கூட்டச் சொன்னது அறியாமையா வியாபாரமா என்பது அவருக்கே வெளிச்சம்.

கடைக்குப் போகுமுன் நீங்களே பார்த்துவிடலாம். இலையின் மேல்புறம் ஊசியால் குத்தியதுபோல் வெளிர்புள்ளிகள் இருக்கும். அடிப்புறத்தை வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள். விழும் தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால் பேன்தான். ஒன்று அரை மில்லிமீட்டர் இருக்கும். விரலால் தேய்த்தால் கறை படியும். பங்குனி, சித்திரை வெக்கையில் முட்டை பேனாக ஒரு வாரம் போதும். ஏசி அறையின் வறண்ட காற்றும் அதற்குத் தோதானது.

முதல் வேலை, அந்தத் தொட்டியைத் தனியே பிரிப்பது. மோசமான ஓலைகளை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். பிறகு கொல்லைக் குழாயடியில் சாய்த்து, இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். பாதிப் பேன் இதிலேயே போய்விடும். நீர் வடிந்ததும் சாயங்காலமாக, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயை 2 மில்லி திரவ சோப்பில் நன்றாகக் குழைத்த பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மிதந்து இலையைச் சுட்டுவிடும். ஓர் ஓலையில் அடித்து மறுநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். முட்டை தப்பிவிடும் என்பதால் ஐந்து நாளுக்கொருமுறை, மூன்று நான்கு தடவையாவது. பலரும் முதல் தடவையோடு நிறுத்திவிட்டு மருந்தைக் குறை சொல்கிறார்கள்.

தண்ணீரில் கலக்கி அடிக்கும் தூளான நனையும் கந்தகமும் பேனுக்குக் கேட்கும். ஆனால் சித்திரை வெயிலில் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த செடிக்கு இரண்டு மூன்று வாரம் கந்தகத்தை அடிக்கவே கூடாது. டைகோஃபால் என்ற பழைய பேன் மருந்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், 2023-இலேயே தடை செய்துவிட்டார்கள். புரோபார்கைட், ஸ்பைரோமெசிஃபென் பேனுக்கான மருந்துகள்தான், ஆனால் தோட்டத்துக்கானவை. படுக்கையறைத் தொட்டிக்கு வேண்டாம்.

மருந்தைப் பிரித்து லூசில் விற்பதே சட்டப்படி தவறு. சீல் உடையாத புட்டி, காலாவதித் தேதி, பேட்ச் எண் எழுதிய பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுதிக் கொடுக்கலாம். எந்தப் பூச்சி என்றே சந்தேகமா? ஓலையைப் பாலிதீன் பையில் போட்டு நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.