பவளங்களின் நிறமும் ஓர் எல்இடி விளக்கும்: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

உயிருள்ள பவளங்களை வளர்க்கும் என் 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டியின் மேலிருந்த குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு, நீலம், அடர்நீலம், ஊதா, வெள்ளை ஆகிய நான்கு ஒளிகளையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் இயலும் எல்இடி விளக்கு ஒன்றைப் பொருத்தி ஐந்து மாதங்கள் ஆகின்றன. சில நாட்களிலேயே பவளங்களின் உண்மையான நிறம் வெளிப்படும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். விளக்கு தரமானதுதான். ஆனால் அந்த வாக்கை அப்படியே நம்பினால் பவளங்களை இழக்க நேரிடலாம் என்பதால், நிறம் எதனால் மாறுகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நாள் மாலையே தொட்டி முழுவதும் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்ந்தது. அது பவளத்தில் நிகழ்ந்த மாற்றம் அன்று. பவளத்தின் திசுவில் முன்பிருந்தே உள்ள ஒளிரும் புரதங்கள் நீல ஒளியை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள பச்சை அல்லது சிவப்பு ஒளியாக வெளியிடுகின்றன. ஜெல்லிமீனில் 1962இல் கண்டறியப்பட்டு, 2008இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத்தந்த பச்சை ஒளிர் புரதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையே இவையும். வெள்ளை ஒளியை உயர்த்தி நீலத்தைக் குறைத்தவுடன் அதே பவளங்கள் பழைய பழுப்பு நிறத்தில் நின்றன. ஆகவே முதல் வாரத்தில் தெரியும் அழகை வைத்து இவ்விளக்கை மதிப்பிடக் கூடாது.

பவளத்தின் நிறம் உண்மையில் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, அதன் செல்களுக்குள் வாழும் சூசாந்தெல்லே என்னும் ஒருசெல் பாசி. இது பொன்பழுப்பு நிறமுடையது, ஒளிச்சேர்க்கையால் பவளத்துக்கு உணவளிப்பது. மற்றொன்று, பவளம் தானே உருவாக்கும் புரதங்கள். முன்னர் சொன்ன ஒளிரும் புரதங்களோடு, ஒளிராமலேயே ஊதா, நீலம், இளஞ்சிவப்பு நிறங்களைத் தரும் புரதங்களும் இதில் அடங்கும். ஒளி குறைந்தாலோ, நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தாலோ பாசி பெருகி, அதன் பழுப்பு மற்ற நிறங்களை மூடிவிடுகிறது. நீல ஒளி கூடும்போது பல பவள இனங்கள் தம் நிறப்புரதங்களை மிகுதியாக உருவாக்குகின்றன, ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காலம் தேவை. விளக்கு செய்யக்கூடிய உண்மையான உதவி இதுவே.

இதை அறிந்திருந்தும் நான் அவசரப்பட்டேன். முப்பது நாட்களில் ஒளியைப் படிப்படியாக உயர்த்தும் பழக்கும் முறை இவ்விளக்கில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் மூன்றாம் நாளே முழு அளவுக்குக் கொண்டுசென்றேன். இரண்டாவது வாரத்தில் மேற்பாறையிலிருந்த மொன்டிபோரா என்னும் பவளம் அதுவரை காணாத பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறியபோது மகிழ்ந்தேன். அடுத்த வாரம் அது ஏறக்குறைய வெண்மையாகிவிட்டது. மிகையான ஒளியாலோ வெப்பத்தாலோ பாசி வெளியேறும்போது, வெள்ளைச் சுண்ணாம்பு எலும்புக்கூட்டில் பட்டுச் சிதறும் ஒளி திசுவுக்குள் பெருகுகிறது. சில பவளங்கள் அந்த ஒளியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள நிறப்புரதங்களைக் கூட்டுகின்றன. ஆகவே திடீரென்று வரும் பளிச்சிடும் நிறம் நலத்தின் அறிகுறியாகவே இருக்க வேண்டியதில்லை. அது பவளத்தின் துன்பமாகவும் இருக்கலாம். வெளிறிய பவளம் இறந்துவிட்டதாகவும் கொள்ள வேண்டாம், திசு கண்ணாடிபோல் தெளிந்து உயிருடனேயே இருக்கும். ஒளியைப் பாதியாகக் குறைத்த பின் என் மொன்டிபோரா நிறம் மீள ஏழு வாரங்கள் ஆயின. நீரைத் தெளிவாக்க இடும் செயலூட்டிய கரியை நெடுநாள் மாற்றாமலிருந்து ஒரே நாளில் புதிதாக இட்டாலும் நீரின் மஞ்சள் சாயம் நீங்கி ஒளி திடீரெனக் கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இங்கேதான் கையேட்டின் பெருங்குறை தெரிகிறது. எல்லா அளவுகளும் சதவீதத்திலேயே தரப்பட்டுள்ளன. எந்த ஆழத்தில் எவ்வளவு ஒளி விழும் என்ற விவரம் எங்கும் இல்லை. நண்பரிடமிருந்து ஒளியளவி வாங்கிப் பார்த்தபோது, 40 சதவீதத்திலேயே மேற்பாறையில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 310 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுந்தன. மணற்பரப்பில் 90 மட்டுமே. காளான் பவளங்களுக்கும் மென்பவளங்களுக்கும் 100ஐ ஒட்டிய அளவே பொதுவாகப் போதும். பெட்டியைத் திறந்ததும் முழு அளவில் எரியவிடுபவருக்கு எச்சரிக்கையாக ஒரு வரிகூடக் கையேட்டில் இல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை.

விளக்கால் தீராத சிக்கலும் ஒன்று இருந்தது. நடுப்பாறையிலிருந்த அக்ரோபோரா என்னும் கிளைப்பவளம், போதிய ஒளி கிடைத்தும் இரண்டு மாதங்கள் பழுப்பாகவே இருந்தது. சோதித்தபோது பாஸ்பேட் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். உணவைக் குறைத்து, நீரைச் சிறிது சிறிதாக மாற்றி, பல வாரங்களில் 0.05க்குக் கொண்டுவந்த பிறகே கிளை நுனிகளில் நீலம் தெரிந்தது. அதைப் பூச்சியம் வரை இறக்க முயல வேண்டாம். பாஸ்பேட் அறவே இல்லாத நீரில் பாசியும் பட்டினி கிடந்து பவளம் வெளிறும்.

கருவியைப் பொறுத்தவரை விசிறி சத்தமின்றி ஓடுகிறது, மின்சாரம் நின்று வந்தாலும் நேர அட்டவணை அழிவதில்லை. ஒளி ஒரே புள்ளியிலிருந்து விழுவதால் அகன்ற கிளைகளின் அடியில் நிழல் தங்கி அப்பகுதி பழுப்பாகிறது. நீளமான தொட்டிக்கு இரண்டு விளக்குகள் தேவைப்படும்.

நான்கு ஒளிகளின் அமைப்பையும் பெயரிட்டுச் சேமிக்கும் வசதியே எனக்கு மிகவும் பயன்பட்டது. மாறாத ஒரு வெள்ளை அமைப்பைச் சேமித்துவைத்து, ஞாயிறுதோறும் பத்து நிமிடங்கள் அந்த ஒளியில் மட்டும் பவளங்களைப் படமெடுக்கிறேன். இரண்டாவது வாரப் படத்தையும் முதல் வாரப் படத்தையும் அன்றே அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், மொன்டிபோராவின் ஓரங்களில் பழுப்பு மறையத் தொடங்கியிருந்தது எனக்கு அப்போதே தெரிந்திருக்கும்.