ஏசிஎல் கிராஃப்ட்: பட்டெல்லா டெண்டனா, ஹாம்ஸ்ட்ரிங்கா, குவாட்ரிசெப்ஸா?

விளையாட்டு மருத்துவம் படிக்க வரும் மாணவர்களிடம் ஏசிஎல் (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் லிகமென்ட்) அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: கிழிந்த லிகமென்ட்டுக்குப் பதிலாக வைக்கும் கிராஃப்ட்டுகளில் (பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து எடுத்த டெண்டன், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்) எது பலமானது?

அதற்கு ஆய்வகத்தில் அளந்த எண்கள் இருக்கின்றன. இளவயதினரின் இயல்பான ஏசிஎல் சுமார் 2,160 நியூட்டன் இழுவிசையில் அறுகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள பட்டெல்லா டெண்டனின் நடுவிலிருந்து 10 மி.மீ. அகலத்துக்கு எடுத்த துண்டு சுமார் 2,977 நியூட்டன் தாங்குகிறது. நான்கு இழைகளாக மடித்த ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) டெண்டன் சுமார் 4,090 நியூட்டன் தாங்குகிறது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஹாம்ஸ்ட்ரிங் எளிதாக ஜெயித்துவிடும். ஆனால் 2004 முதல் நார்வே பராமரித்துவரும் முழங்கால் லிகமென்ட் பதிவேட்டைப் பார்த்தால், திரும்பவும் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஹாம்ஸ்ட்ரிங் வைத்தவர்களில்தான் அதிகம். ஆய்வக மேசையில் முதலிடம் பிடித்தது உடம்புக்குள் ஏன் பின்தங்குகிறது? இதற்கான பதில் உடற்கூறியலில் இருக்கிறது. அதனால் எது பலம் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, எங்கிருந்து எடுக்கிறோம், எடுத்த இடத்தில் என்ன குறைகிறது, அந்தக் குறையை இந்த வீரரின் ஆட்டம் தாங்குமா என்று கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

முதலில் ஏசிஎல்லையே பார்ப்போம். தொடை எலும்பின் வெளிப்புறக் குமிழுக்கு ஓர் உள்பக்கம் இருக்கிறது அல்லவா, அதன் பின்பகுதியில் தொடங்கி, முன்னும் கீழுமாக இறங்கி, டிபியா என்ற கீழ்க்கால் எலும்பின் மேற்தளத்தில் நடுவிலிருந்து சற்று முன்னால் வந்து ஒட்டுகிறது. நீளம் ஏறக்குறைய 3 செ.மீ.தான். அதற்குள் இரண்டு கற்றைகள் உண்டு. முன்–உள் கற்றை முழங்கால் மடங்கும்போது இறுகுகிறது, பின்–வெளிக் கற்றை கால் நீளும்போது இறுகுகிறது. டிபியா முன்னோக்கி நழுவாமல் பிடித்துக்கொள்வது இதன் முக்கிய வேலை. உள்பக்கமாகத் திருகாமல் தடுப்பதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஓடிவந்து சட்டென்று திசை மாறும் ஆட்டங்களில் ஏசிஎல் கிழிவது இதனால்தான். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே கிழிகிறது.

கிழிந்தால் ஏன் தானாக எளிதில் ஒட்டுவதில்லை? மூட்டுக்கு வெளியே, முழங்காலின் உள்பக்க ஓரத்தில் இருக்கும் லிகமென்ட் கிழிந்தால் அங்கே இரத்தம் உறைந்து ஒரு கட்டியாகிறது. அந்தக் கட்டியைப் பிடித்துக்கொண்டு புதுத் திசு வளர்கிறது. ஏசிஎல்லோ மூட்டுத் திரவத்துக்குள் இருக்கிறது. உறைகட்டி நிலைக்காமல் கரைந்துபோவதால், கிழிந்த இரு முனைகளுக்கும் நடுவில் பாலமாக ஒன்றும் இருப்பதில்லை. 1895-இல் மேயோ ராப்சன் கிழிந்ததையே தைத்துப் பார்த்தார். 1917-இல் ஹே குரோவ்ஸ், தைப்பதை விட்டுவிட்டு வேறு திசுவைக் கொண்டுவந்து வைத்தார். இன்றைக்கும் நடப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வழிதான்.

கிராஃப்ட்டைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏசிஎல் கிழிந்த எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை வேண்டுமென்பதில்லை. சுவீடனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், விளையாட்டில் ஈடுபாடுள்ள 121 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே அறுவைச் சிகிச்சை, பிறகு பயிற்சி. இன்னொரு குழுவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னால் அறுவைச் சிகிச்சை. ஐந்து ஆண்டு முடிவில் இரண்டாவது குழுவில் ஏறக்குறைய பாதிப்பேர் கத்தியைத் தொடாமலே இருந்தார்கள். வலி, செயல்திறன் குறித்து இரு குழுவினரும் கொடுத்த மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தொழில்முறை வீரர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நேர்கோட்டில் ஓடுவதும் சைக்கிள் ஓட்டுவதும் போதும் என்பவருக்கு ஒரு பதில். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் கால்பந்து வீரருக்கோ, நடக்கும்போதே முழங்கால் நழுவுகிறவருக்கோ, தைக்க வேண்டிய மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு மெத்தை) கிழிவும் சேர்ந்திருப்பவருக்கோ வேறு பதில்.

சரி, அறுவைச் சிகிச்சை என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

பட்டெல்லா டெண்டன்

முழங்கால் சில்லின் கீழ்முனையிலிருந்து டிபியாவின் முன்மேட்டுக்குப் போகும் பட்டையின் நடு மூன்றில் ஒரு பங்கை, மேலே சில்லிலிருந்து ஓர் எலும்புத் துண்டும் கீழே டிபியாவிலிருந்து ஓர் எலும்புத் துண்டும் சேர்த்து எடுக்கிறார்கள். 1963-இல் கென்னத் ஜோன்ஸ் இதன் ஆரம்ப வடிவத்தை வெளியிட்டார்.

இதன் உண்மையான பலம் அந்த இரண்டு எலும்புத் துண்டுகளில் இருக்கிறது. துளையிட்ட சுரங்கத்துக்குள் எலும்பு எலும்போடு சேர ஆறு முதல் எட்டு வாரம் போதும், எலும்பு முறிவு கூடுவது போலவே. ஹாம்ஸ்ட்ரிங்கில் வெறும் டெண்டன்தான் சுரங்கச் சுவரில் வேரூன்ற வேண்டும். அதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம், சில சமயம் இன்னும் கூடவும் ஆகும். 4,090 என்ற எண் ஏமாற்றுவது இங்கேதான். அது நான்கு இழைகளையும் சம இறுக்கத்தில் பிடித்து, இயந்திரத்தில் இழுத்துப் பார்த்த எண். முதல் வாரங்களில் கிராஃப்ட்டின் பலத்தைவிட, அது எலும்பில் எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம்.

இதற்குக் கொடுக்கும் விலை முழங்காலின் முன்பக்கத்தில் தெரியும். முட்டி போட்டால் வலிக்கும். சிலருக்கு இது ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வெட்டுக் கோட்டின் குறுக்கே சஃபீனஸ் நரம்பின் ஒரு கிளை போவதால், முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் மரத்துப்போவதும் உண்டு. காலை நீட்டும் முன்தொடைத் தசையான குவாட்ரிசெப்ஸின் பலம் திரும்புவதற்கும் நாளாகும். அரிதாகச் சில்லு உடைவதும் பதிவாகியிருக்கிறது. மல்யுத்தம், ஜூடோ போல முட்டியைத் தரையில் ஊன்றும் ஆட்டக்காரருக்கு இதைப் பரிந்துரைக்க நான் மிகவும் தயங்குவேன்.

ஹாம்ஸ்ட்ரிங்

மாணவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது, ஏனென்றால் இங்கே உடற்கூறியல் அவ்வளவு அழகாக இருக்கிறது. டிபியாவின் உள்–முன்பக்கத்தில் சார்ட்டோரியஸ், கிராசிலிஸ், செமிடெண்டினோசஸ் என்ற மூன்று தசைகளின் டெண்டன்களும் ஒன்றாக வந்து சேர்கின்றன. மூன்றும் தொடையின் மூன்று வெவ்வேறு பகுதிகளிலிருந்து வருகின்றன, மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு நரம்புகள்: முதலாவதுக்கு ஃபெமொரல், இரண்டாவதுக்கு ஆப்டுரேட்டர், மூன்றாவதுக்கு சயாட்டிக் நரம்பின் டிபியல் பிரிவு. சார்ட்டோரியஸை விட்டுவிட்டு மற்ற இரண்டையும், சில சமயம் செமிடெண்டினோசஸை மட்டும், சின்ன வெட்டு வழியாக உருவி எடுத்து மடிக்கிறார்கள். முன்பக்க வலி குறைவு, தழும்பும் சிறியது, குவாட்ரிசெப்ஸுக்குக் கை வைப்பதில்லை.

ஆனால் ஹாம்ஸ்ட்ரிங் என்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது டிபியாவைப் பின்னோக்கி இழுக்கிறது. ஏசிஎல் எதைத் தடுக்கிறதோ அதையே தசையாக நின்று தடுக்கிறது. ஏசிஎல்லுக்குத் துணையாக இருந்த தசையிலிருந்தே டெண்டனை எடுத்து ஏசிஎல் செய்கிறோம். எடுத்த டெண்டன் பலருக்குத் திரும்ப வளர்கிறது, அது உண்மைதான். ஆனாலும் முழங்காலை ஆழமாக மடக்கும்போது பலக்குறைவு மிஞ்சுகிறது. உட்கார்ந்த நிலையில் வழக்கமாகச் செய்யும் சோதனையில் இது பிடிபடாமல் போகலாம். குப்புறப் படுக்கவைத்து, 90 டிகிரியைத் தாண்டி மடக்கச் சொன்னால்தான் வெளியே வரும்.

அப்புறம் தடிமன் பிரச்சினை. பட்டெல்லா டெண்டனில் எவ்வளவு அகலம் வேண்டும் என்று மருத்துவர் தீர்மானிக்கலாம். ஹாம்ஸ்ட்ரிங்கில் அவரவர் உடம்பில் இருப்பதுதான் கிடைக்கும். மடித்த பிறகும் விட்டம் 8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், அதுவும் இளவயதினருக்கு, திரும்பக் கிழியும் வாய்ப்பு கூடுகிறது. உயரமும் எடையும் குறைந்தவர்களுக்கு டெண்டன் மெலிதாக இருப்பது வழக்கம் என்பதால், எம்ஆர்ஐ படத்திலேயே முன்கூட்டி அளந்து பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. முழங்கால் உள்பக்கமாகச் சரியாமல் தாங்குவதில் கிராசிலிஸுக்கும் செமிடெண்டினோசஸுக்கும் பங்கு இருக்கிறது. ஏசிஎல்லோடு உள்பக்க லிகமென்ட்டும் கிழிந்திருந்தால், அந்தப் பக்கத்திலிருந்தே இன்னும் இரண்டு தாங்கிகளை எடுப்பது சரியாகப் படவில்லை.

ஹாம்ஸ்ட்ரிங்கின் குறையை ஈடுகட்ட வழியும் இருக்கிறது. தொடையின் வெளிப்பக்கத்திலிருந்து இலியோடிபியல் பட்டையின் ஒரு கீற்றை எடுத்து, மூட்டுக்கு வெளியே ஒரு பிடிப்பாகத் தைப்பது. 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 618 இளம் நோயாளிகளில், ஹாம்ஸ்ட்ரிங் மட்டும் வைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டில் 11 சதவீதம் கிராஃப்ட் அறுந்தது. இந்தப் பிடிப்பையும் சேர்த்தவர்களுக்கு 4 சதவீதம்தான். திருகலைத் தடுக்கும் வேலையை மூட்டின் நடுவிலுள்ள ஒரே கயிற்றிடம் விடாமல், அச்சிலிருந்து தள்ளி இன்னொரு பிடியும் போட்டால் நெம்பு பலம் கூடுகிறது. இதில் எனக்கு வியப்பில்லை.

குவாட்ரிசெப்ஸ் டெண்டன்

நீண்ட காலம் ஓரமாகக் கிடந்து, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மேலே வந்தது இது. சில்லுக்கு மேலே ரெக்டஸ் ஃபெமோரிஸும் வாஸ்டஸ் தசைகளும் அடுக்கடுக்காகச் சேரும் தடித்த டெண்டன். ஒரே அகலத்துக்கு எடுத்தாலும் பட்டெல்லா டெண்டனைவிட அதிகத் திசு கிடைக்கும். சில்லின் மேல்முனையிலிருந்து எலும்போடும் எடுக்கலாம், எலும்பில்லாமலும் எடுக்கலாம். முட்டி போடும்போது வரும் வலியும் மரத்துப்போவதும் குறைவு. முதல் மாதங்களில் காலை நீட்டும் பலம் குறைவாக இருப்பதுதான் இதன் பெரிய சுமை. டென்மார்க் பதிவேட்டில் இந்தக் கிராஃப்ட்டுக்கு மறுஅறுவைச் சிகிச்சை அதிகம் என்று வந்தது. பின்னர் பிரித்துப் பார்த்தபோது, குறைவான எண்ணிக்கையில் செய்யும் இடங்களில்தான் அந்தக் குறை தெரிந்தது. எந்த டெண்டன் என்பதைப் போலவே, யார் எத்தனை முறை செய்து பழகியவர் என்பதும் ஒரு கேள்விதான்.

மற்றவை

இறந்தவரிடமிருந்து தானமாகப் பெறும் டெண்டன் உண்டு. நம் உடம்பில் எங்கும் வெட்ட வேண்டாம் என்பது கவர்ச்சிதான், ஆனால் இளம் விளையாட்டு வீரருக்கு வேண்டாம். அமெரிக்காவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய தொடர் ஆய்வில், தானத் திசு அறுந்துபோகும் வாய்ப்பு சொந்தத் திசுவைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது, அதுவும் வயது குறையக் குறைய. நாற்பதைத் தாண்டியவருக்கும், பல லிகமென்ட்டுகள் ஒன்றாகக் கிழிந்தவருக்கும் யோசிக்கலாம். 1980-களில் வந்த செயற்கை இழைகள் தேய்ந்து, துகள் உதிர்ந்து, மூட்டை வீங்கவைத்ததோடு ஓய்ந்துபோயின.

யாருக்கு எது?

பதினெட்டு, இருபது வயதில் கால்பந்தோ கூடைப்பந்தோ முழு வேகத்தில் ஆடப்போகிறவருக்கு நான் பட்டெல்லா டெண்டன் பக்கம்தான் நிற்பேன். முட்டி வலி தொந்தரவுதான், ஆனால் இருபது வயதில் இரண்டாவது முறை கிழிவது அதைவிடப் பெரிய இழப்பு. மல்யுத்த வீரருக்குக் குவாட்ரிசெப்ஸ். குறுந்தூர ஓட்டக்காரருக்கு ஹாம்ஸ்ட்ரிங்கைத் தொட வேண்டாம், அவருடைய வேகமே அங்கேதான் இருக்கிறது. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத பதின்மூன்று வயதுச் சிறுவருக்கு எலும்புத் துண்டோடு கூடிய கிராஃப்ட்டே கூடாது, அது வளர்ச்சித் தட்டின் குறுக்கே உட்கார்ந்தால் எலும்பு வளர்வது நின்றோ கோணியோ போகலாம். அங்கே ஹாம்ஸ்ட்ரிங்கும் எலும்பில்லாத குவாட்ரிசெப்ஸும்தான் சரி. முப்பத்தைந்து வயதில் வாரக் கடைசியில் மட்டும் ஆடுகிறவருக்கு ஹாம்ஸ்ட்ரிங் மிக நல்ல தேர்வு.

எதை வைத்தாலும் ஒரு விஷயம் மாறாது. உள்ளே போன கிராஃப்ட் முதலில் தன் இரத்த ஓட்டத்தை இழக்கிறது, அதன் செல்கள் சாகின்றன. பிறகு புது இரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே வந்து அதை மெல்ல லிகமென்ட்டாக மாற்றுகின்றன. இடைப்பட்ட மாதங்களில் அது வைத்த நாளைவிட பலவீனமாக இருக்கிறது. வீரருக்கு வீக்கம் வடிந்து, வலி போய், ஓடலாம் போல இருக்கும் மூன்றாவது மாதத்தில் கிராஃப்ட் இன்னும் அதன் மெலிந்த கட்டத்தைத் தாண்டியிருக்காது. டெலவேர்–ஓஸ்லோ ஆய்வுக்குழு 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. கிராஃப்ட்டைப் பற்றி நடக்கும் விவாதங்களில் இந்த அளவு வித்தியாசம் தரும் விஷயம் வேறு அதிகம் இல்லை.

அறுவைச் சிகிச்சை செய்த முழங்காலைச் சோதிக்கும்போது முதலில் தழும்பைப் பாருங்கள். சில்லிலிருந்து டிபியா முன்மேடு வரை நடுவில் செங்குத்தாக இருந்தால் பட்டெல்லா டெண்டன். சில்லுக்கு மேலே இருந்தால் குவாட்ரிசெப்ஸ். இந்த இருவருக்கும் காலை நீட்டும் பலத்தை மறுகாலோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும், பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் களம் இன்னும் தூரம். முட்டிக்குக் கீழே உள்பக்கமாக மட்டும் சின்னத் தழும்பு இருந்தால் ஹாம்ஸ்ட்ரிங்காக இருக்கலாம். டிபியாவில் துளைபோட எல்லோருக்கும் அந்தப் பக்கம் ஒரு வெட்டு இருக்கும் என்பதால் அறுவைச் சிகிச்சைக் குறிப்பையும் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உறுதியானால் குப்புறப் படுக்கவைத்து ஆழமாக மடக்கச் சொல்லுங்கள், இரண்டு குதிகால்களும் பின்தொடையை நோக்கி ஒரே அளவுக்கு, ஒரே பலத்தோடு வருகின்றனவா என்று பாருங்கள்.